கென்ட் ரிட்ஜிலிருந்து தேக்காவுக்கு

மே மாதம் பிறந்தால் யாராவது ஓர் ஆய்வு மாணவியிடமிருந்து செய்தி வரும். "அக்கா, சிங்கப்பூர்ல ஒரு பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கேன். என்ன எடுத்துட்டு வரணும்?" சால்வை எடுத்து வா என்பேன். கருத்தரங்க அறைகளின் குளிர் அப்படி. மற்றதைத் தொலைபேசியில் சொல்லி முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆசிய ஆய்வுக் கழகம் 2001இல் தொடங்கியது. எல்லோர் வாயிலும் ஏ.ஆர்.ஐ. தென்கிழக்காசியாவைப் பற்றி ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவர்களைப் பல ஆண்டுகளாக அது அழைத்துவருகிறது. சில வாரம் தங்கவைத்து, நூலகத்தைத் திறந்துவிட்டு, ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதப் பழக்கி, கடைசியில் மாணவர் கருத்தரங்கில் வாசிக்கவும் வைக்கிறது. இலக்கியக்காரர்களும் பாலின ஆய்வுக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. உத்ரெக்டில் பாலின ஆய்வுக்கென்றே நடக்கும் 'நாய்ஸ்' கோடைப் பள்ளி, ஹார்வர்டின் உலக இலக்கியக் கழகம் நடத்தும் நான்கு வார வகுப்பு எல்லாம் வேறு ரகம். அங்கே போகிறவர்கள் கோட்பாடு படித்துவிட்டு வருவார்கள். இங்கே வகுப்பறைக்கு வெளியே, முக்கால் மணி நேர எம்ஆர்டி ரயில் தூரத்துக்குள், தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருக்கும் ஒரு நகரமே கிடக்கிறது. பெரும்பாலானோர் அதைத் தோசைக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

• பயணப்படி முன்னால் வருமா, பின்னால் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். "விமானச் செலவைத் தருகிறோம்" என்றால் பல இடங்களில் "முதலில் நீங்கள் போடுங்கள்" என்று பொருள். போர்டிங் பாஸைத் தொலைக்காதீர்கள்.

• 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்னும் வருகை அட்டையை, வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு விசா தனி.

• சிங்கப்பூரில் எழுதும் தமிழ்ப் பெண்களைப் படித்துவிட்டு வாருங்கள். இதை நான் கெஞ்சியே சொல்வேன். அம்பை, சல்மா, குட்டி ரேவதி என்று வரிசையாக ஒப்பிப்பவர்களிடம் "லதா?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. 'நான் கொலை செய்யும் பெண்கள்' தொகுப்புக்கு 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு வாங்கியவர். 'தீவெளி', 'பாம்புக் காட்டில் ஒரு தாழை' என்ற கவிதை நூல்கள் அதற்கு முன்னாலேயே வந்தவை. கமலாதேவி அரவிந்தன், ஜெயந்தி சங்கர் என்று அடுத்துப் போகலாம். புத்தகம் கிடைக்கவில்லை என்பதும் இனிச் சாக்கு ஆகாது. 1965 முதல் 2015 வரை இங்கே வெளியான சுமார் 350 தமிழ்ப் படைப்புகளைத் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் மின்வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் கொடுத்திருக்கிறார்கள்.

செய்யக்கூடாதவை: கருத்தரங்க அறையில்

• நன்றியுரையோடு தொடங்காதீர்கள். உங்களுக்கு 20 நிமிடம். நெறியாளர், துறைத் தலைவர், அரங்கில் அமர்ந்திருக்கும் சான்றோர் என்று நாம் வணங்கி முடிப்பதற்குள் அதில் நாலு போய்விடும். ஆங்கிலத்தில் 2,300 சொல்லுக்கு மேல் எழுதியிருந்தால் வெட்டுங்கள். வேகமாக வாசித்துச் சமாளிப்பது உபாயமல்ல.

• கோட்பாட்டாளர்களான பட்லரையும் ஸ்பிவாக்கையும் முதல் பத்தியிலேயே கூப்பிடாதீர்கள். அறையில் இருக்கும் வியட்நாம்காரரும் பிலிப்பினோவும் அதே இருவரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். உங்களிடம் மட்டும் இருப்பதை முதலில் எடுத்து வையுங்கள்.

• தமிழ்ச் சொல்லை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் கொண்டுவராதீர்கள். ஒரு கட்டுரையில் கற்பு என்று வரவேண்டிய இடமெல்லாம் 'சாஸ்டிட்டி' என்றே வந்தது. கேள்வி நேரத்தில் இந்தோனேசிய மாணவி ஒருவர் எழுந்து, "அது ஆணுக்கும் உண்டா?" என்றார். நம் பெண் விழித்தாள். அவளுக்குத் தெரியாததா? தொல்காப்பியத்தில் கற்பு என்பது களவுக்கு அடுத்த நிலை, மணவாழ்க்கை. கண்ணகியிடம் வரும்போது அது ஊரை எரிக்கும் ஆற்றல். பாரதி அதை இருபாலுக்கும் பொதுவில் வை என்று வாதாடினார். பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்' நூலைத் தொடங்குவதே அந்தச் சொல்லை உடைத்துத்தான். இத்தனையும் தலைக்குள் இருந்தும், ஆங்கிலச் சொல் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கற்பு என்றே திரையில் தமிழில் எழுதிவிட்டு இரண்டு வரி விளக்கியிருந்தால் அந்தக் கேள்வியே அவளுடைய ஆய்வேட்டின் ஓர் இயலாகியிருக்கும்.

நூலகத்தில் செய்ய வேண்டியவை

• விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகக் கட்டடத்துக்கு முதல் வாரமே போய்விடுங்கள். லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு 11ஆம் தளத்தில் இருக்கிறது. கடைசி வாரம் போனவர்கள் எல்லோரும் அழுதிருக்கிறார்கள்.

• பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். 'பெண்' என்று தேடிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று வராதீர்கள். 1887 முதல் 1890 வரை வந்த 'சிங்கை நேசன்' வாரப் பத்திரிகையில்தான் அதன் ஆசிரியர் மகதூம் சாயபு எழுதிய 'வினோத சம்பாஷணை' 1888இல் வந்தது. தமிழின் முதல் சிறுகதையா அது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935இல் 'தமிழ் முரசு' என்று கோ. சாரங்கபாணியின் கைபட்ட காலம் அடுத்து வருகிறது. பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்துபோன சூடு அதில் தெரியும். சாரங்கபாணி மணந்தது ஒரு சீனப் பெண்மணியை. சீர்திருத்தத் திருமணம், பெண்கல்வி, கலப்பு மணம் எல்லாம் தலையங்கத்தில் ஒரு மாதிரியும், வாசகர் கடிதத்திலும் வழக்குச் செய்தியிலும் வேறு மாதிரியும் இருக்கும். ஆய்வுக்குத் தீனி அந்த இடைவெளிதான்.

• தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழில் பேசியவை உண்டு. காதில் கேளுங்கள். எழுத்துப்படியை மட்டும் நம்பாதீர்கள்.

எழுத்துப்படி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, எங்கள் புளோக்கில் இருக்கும் பாட்டி ஒருவரைப் பேட்டி கண்டு எழுதிக் காட்டினான். பாட்டி "அமைச்சு" என்றதை "அமைச்சகம்" என்று மாற்றியிருந்தான். "எட்டு வெள்ளி" என்றதை "எட்டு டாலர்" ஆக்கியிருந்தான். "தே ஓ குடிக்கிறியா" என்று கேட்டது "பால் இல்லாத தேநீர் அருந்துகிறாயா" என்று ஆகியிருந்தது. பிழை திருத்தினேன் அக்கா என்றான். வெள்ளி என்பது பாட்டி சம்பாதித்த காசு, அமைச்சு என்பது அவர் மனுப் போட்ட இடம். திருத்திய பிறகு அந்தப் பக்கத்தில் பேசுவது மதுரைத் தம்பிதான்.

தேக்காவில்: சில செய்க, சில செய்யற்க

லிட்டில் இந்தியா என்பது பலகையில் உள்ள பெயர். வாயில் தேக்காதான். பல்கலைக்கழகம் இருக்கும் கென்ட் ரிட்ஜில் ஏறி, ஹார்பர்ஃபிரண்டில் வடகிழக்குத் தடத்துக்கு மாறுங்கள். 2015இல் திறந்த கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்துக்கு ஒரு பிற்பகல் போதும். 1947இலிருந்து நடக்கும் கோமள விலாஸில் சாப்பிடுங்கள். தேக்காச் சந்தையிலோ வேறு உணவங்காடி நிலையத்திலோ சாப்பிட்டால் தட்டை நீங்களே எடுத்துப்போய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டம்.

பிறகு, பாலின ஆய்வுக்காரர்கள் யாருமே போகாத ஓர் இடத்துக்கு உங்களை அனுப்புகிறேன். ஹேம்ஷயர் ரோட்டில் தரைவழிப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. அதுதான் பழைய கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனை. மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள்; வாய்வழக்கில் கேகே. 1966இல் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகில் ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நடந்த பிரசவங்களுக்கு அப்போது அதுவே சாதனை. இந்த நகரத்துத் தமிழர் வீடுகளில் "கேகேயில பொறந்தவ" என்று ஒருத்தியாவது இருப்பாள். 1971 ஜூலையில் சிங்கப்பூரின் முதல் பால்மாற்று அறுவை சிகிச்சையும் அதே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்ததும் அவருடைய குழுவின் கையில்தான். தாய்மை, உடல், அரசு, குடியேற்றம் எல்லாம் ஒரே சுவருக்குள். வாசலில் நின்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள், தடுப்பவர் இல்லை.

இப்போது செய்யக்கூடாதவை.

• ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பணிப்பெண்களைப் பிடித்துவைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். ஒருமுறை நானும் உடன் போயிருந்தேன். நாமக்கல்லிலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் ஒரு பெண். பிற்பகல் மூன்று மணி. ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது கையில், பை நிறைய பிஸ்கட்டும் தைலமும். "நாலு மணிக்கு மேல முடியாதுக்கா, ஏழு மணிக்கு மேம் வீட்ல இருக்கணும், அதுக்குள்ள கோயிலுக்குப் போகணும்" என்றாள். ஆய்வாளர் இன்னும் ஒரே ஒரு கேள்வி என்று நாலுக்கு மேலும் 40 நிமிடம் இழுத்தார். கோயில் போச்சு. வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற சட்டம் 2013இல்தான் வந்தது, அதையும் காசு கொடுத்து ஈடுகட்டலாம் என்றிருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி வாங்க முடியாது என்ற விதி 2023 ஜனவரியில்தான் வந்தது. அந்த ஒரு நாளில் 40 நிமிடத்தை எடுத்துக்கொண்ட கட்டுரையின் தலைப்பு, பெண்களின் உழைப்பு நேரம் பற்றியது. முன்னதாகவே கேட்டு, அவள் சொல்லும் நேரத்தில், அவள் சொல்லும் இடத்தில் பேசுங்கள். உங்கள் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒலிப்பதிவுக் கருவியைத் தொடவே வேண்டாம்.

• டெஸ்கர் ரோட்டுப் பக்கம் கைபேசியை நீட்டிக்கொண்டு நடக்காதீர்கள். அங்கே பாலியல் தொழில் செய்கிறவர்களின் முகம் உங்கள் தரவு அல்ல.

• இங்கே ஐந்து தலைமுறையாக இருப்பவரைப் "புலம்பெயர் தமிழர்" என்று அவர் முன்னாலேயே சொல்லாதீர்கள். "நான் எங்கிருந்து பெயர்ந்தேன்?" என்று கேட்பார். பதில் வைத்திருங்கள்.

• ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கத்தில் நடக்கும் கூட்டத்தில் கலந்துகொள்ளாதீர்கள். பால்புதுமையினருக்காக 2009 முதல் நடக்கும் 'பிங்க் டாட்' நிகழ்வும் அங்கேதான். 2017இலிருந்து சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் மட்டுமே அங்கே கூடலாம். "களப்பணிக்காக நின்றேன்" என்பது சமாதானம் ஆகாது, ஏற்பாட்டாளருக்கும் தொல்லை.

• தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகளான 377ஐயும் 377ஏயையும் குழப்பாதீர்கள். இந்தியாவின் 377, ஒப்புதலோடு நடக்கும் உறவுக்குப் பொருந்தாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே 377ஏயை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. அதே அமர்வில், திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காட முடியாதபடி அரசமைப்பையும் திருத்தியது. முதல் பாதியை மட்டும் சொல்லி ஒரு கட்டுரை கைதட்டல் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

• மின்சிகரெட் பையில் இருந்தால் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வார இறுதியில் தேக்காத் தெருவில் மது குடிக்காதீர்கள். 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பின் வந்த சட்டப்படி, சனி காலை ஏழிலிருந்து திங்கள் காலை ஏழு வரை அங்கே பொது இடத்தில் குடிக்கத் தடை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பட்டம் வாங்கியதும், யாருடைய கதைகளை வைத்து எழுதினீர்களோ அவருக்கு ஆய்வேட்டின் ஒரு பிரதியை அனுப்புங்கள். பேசிய பாட்டிக்கு அவர் பேசிய பக்கங்களையாவது அனுப்புங்கள், அமைச்சையும் வெள்ளியையும் மாற்றாமல். என் வீட்டில் தே குடித்துப் போனவர்கள் இதுவரை பதினொரு பேர். அலமாரியில் இருக்கும் ஆய்வேடுகள் இரண்டு.