மணவாளக்குறிச்சி மணலும் மின்சார மோட்டாரும்

சுண்ணாம்புக்கல்லைப் பற்றி அரியலூர் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூருக்கு பஸ் ஏறினால் முன்னால் ஒரு கல் லாரி போகும், பின்னால் ஒரு சிமெண்ட் லாரி வரும். கல்லை இங்கேயே வெட்டி, இங்கேயே அரைத்து, இங்கேயே சூளையில் வேக வைத்து, இங்கேயே மூட்டை கட்டுகிறார்கள். 1979-ல் அரசு சிமெண்ட் ஆலை இங்கே வந்ததும் கல் இருந்ததால்தான். அதனால் ‘பூமிக்கடியில சரக்கு இருந்தா போதும், தொழில் தானா வந்துடும்’ என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. இந்தக் கணக்கு எல்லாக் கனிமத்துக்கும் செல்லாது. அதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

2025 ஏப்ரல் 4-ந் தேதி சீன அரசு ஏழு அருமண் தனிமங்களுக்கும், அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. உரிமம் இல்லாமல் ஒரு பெட்டி கூட கப்பல் ஏறாது. இரண்டு மூன்று மாதத்திற்குள் இந்தியாவின் மின்சார ஸ்கூட்டர், கார் தொழிற்சாலைகள் காந்தம் கிடைக்காமல் திணறின. சிலர் உற்பத்தியையே குறைத்தார்கள். ஒரு மின்சாரக் காருக்கு வேண்டிய காந்தம் ஒன்றிரண்டு கிலோதான். நேரடியாகச் சுழலும் வகைக் காற்றாலை என்றால் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ. (முப்பந்தலில் நாம் பார்க்கும் பழைய காற்றாலைகள் பெரும்பாலும் கியர் பெட்டியும் இண்டக்ஷன் ஜெனரேட்டரும் உள்ளவை, அவற்றுக்கு இந்தக் காந்தம் தேவையில்லை.)

அப்படி என்ன காந்தம் அது? நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த கலவை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். எடையில் சுமார் 30 சதவிகிதம்தான் அருமண். மீதி கிட்டத்தட்ட எல்லாமே சாதாரண இரும்பு. நம் லேபில் இருக்கும் கறுப்பு ஃபெரைட் காந்தத்தோடு ஒப்பிட்டால் ஆற்றல் பெருக்கம் பத்து மடங்குக்கு அருகில் போகும். ஆனால் சூடு ஏறினால் இதன் பிடி தளரும். மோட்டாருக்குள்ளே 150 டிகிரி வெப்பத்தைத் தாங்க வேண்டுமானால் கொஞ்சம் டிஸ்புரோசியமோ டெர்பியமோ சேர்க்க வேண்டும். சீனா 2025 ஏப்ரலில் கட்டுப்படுத்திய ஏழில் இந்த இரண்டும் உண்டு. சமையலில் உப்பை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டது போல!

இனி நம்ம ஊர் மணலுக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கறுப்பும் சிவப்புமாக இருக்கும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அப்போது ஐரோப்பாவின் தெரு விளக்குகள் பலவும் கேஸ் விளக்கு. அந்த விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும், மோனசைட்டில் தோரியம் உண்டு. உடனே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை ஆரம்பம். மணல் போச்சு, மேண்டிலாகத் திரும்பி வந்தது. நம்மவர்கள் காசு கொடுத்து வாங்கி பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். அன்றைக்கு விளக்கு, இன்றைக்கு மோட்டார். மற்றபடி கதை பெரிதாக மாறவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952-ல் கேரளத்து ஆலுவாயில் அருமண் ஆலை வந்தது. இன்று ஐ.ஆர்.இ.எல். என்று பெயர் சுருங்கிய அந்த நிறுவனத்தின் மணவாளக்குறிச்சி ஆலையில் நடப்பது மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் இரண்டு பிரிவு மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை. முதலில் தண்ணீரோடு மணலைத் திருகு ஓடையில் விடுவார்கள்; கனமானது ஒரு பக்கம், லேசான வெள்ளை மணல் மறுபக்கம். பிறகு காய வைத்து, காந்த உருளையிலும் உயர் மின்னழுத்த உருளையிலும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். இல்மனைட் காந்தத்தில் நன்றாக ஒட்டும். ரூட்டைல் ஒட்டாது, ஆனால் மின்சாரம் கடத்தும். சிர்கான் ஒட்டவும் செய்யாது, கடத்தவும் செய்யாது. மோனசைட் கடத்தாது, ஆனால் காந்தத்துக்கு லேசாக மசியும். நான்கின் குணத்தையும் ஒரு கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள், எந்த மெஷினுக்குப் பின் எந்த மெஷின் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

நாட்டில் மொத்தம் 1 கோடியே 31 லட்சம் டன் மோனசைட் இருப்பதாக அணுக் கனிமத் துறையின் மதிப்பீடு. அதில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 25 லட்சம் டன். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மோனசைட் காந்தம் இல்லையே!

அதைக் காஸ்டிக் சோடாவில் வேக வைத்து பாஸ்பேட்டைக் கழற்ற வேண்டும். கூடவே இருக்கும் 9 சதவிகிதம் அளவு தோரியத்தைப் பத்திரமாக ஒதுக்க வேண்டும். அது அணுசக்திச் சட்டத்துக்கு உட்பட்ட பொருள். இந்த வேலை ஒடிசா மாநிலம் சத்ரபூர் ஆலையில் நடக்கிறது. மிஞ்சுவது பதினைந்து பேர் ஒரே சட்டை போட்டு நிற்பது போன்ற அருமண் கூட்டம். வேதியியல் குணம் எல்லாம் ஏறக்குறைய ஒன்று. அயனி அளவில்தான் மயிரிழை வித்தியாசம். ஆலுவாயில் இவற்றை மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானோடு கலக்கி, படிய விட்டு, மறுபடி கலக்கி, மறுபடி படிய விட்டு, ஒன்றல்ல இரண்டல்ல, பல நூறு தொட்டிகளைக் கடத்தித்தான் பிரிக்கிறார்கள். கடைசியில் நமக்கு வேண்டிய நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்ந்து கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். டிஸ்புரோசியம் நம் மோனசைட்டில் மிகச் சொற்பம். ‘எல்லாம் நம்மகிட்ட இருக்கு’ என்று மேடையில் பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

அதுவும் ஆக்சைடு பொடிதான். பொடியை உருகிய ஃபுளூரைடு உப்பில் மின்னாற்பகுத்து உலோகமாக்க வேண்டும். இரும்போடு உருக்கி மெல்லிய தகடாக வார்க்க வேண்டும். ஹைட்ரஜனில் உதிர்த்து, சுமார் 3 மைக்ரான் தூளாக்கி (காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும்!), காந்தப் புலத்துக்குள் வைத்து அழுத்தி, வெற்றிட உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சிண்டரிங் செய்து, அறுத்து, தேய்த்து, நிக்கல் பூசி, கடைசியில் காந்தமேற்ற வேண்டும். நம் பவுடர் மெட்டலர்ஜி பாடம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் உலகத்தில் இந்தக் காந்தத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் சீனாவில் உருவாகிறது.

நம் நாடு ஏன் பின்தங்கியது? மணல் இல்லாமல் அல்ல. சீனா விலையைக் குறைத்து விற்றபோது 2004 வாக்கில் நம் அருமண் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ‘அங்கே மலிவாகக் கிடைக்கும்போது நாம் ஏன் கஷ்டப்படணும்’ என்ற நினைப்பு. ஆலையை நிறுத்தினால் இயந்திரம் மட்டுமா துருப்பிடிக்கும்? தொட்டியின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லும் ஆபரேட்டர் ஓய்வு பெற்றுப் போய்விடுவார், அவரிடம் கற்க அடுத்த ஆள் இருக்க மாட்டான். 2010-ல் தீவுத் தகராறு வந்து ஜப்பானுக்குச் சீனாவிலிருந்து அருமண் வரத்து தடைப்பட்டது. அதன் பிறகுதான் நாமும் விழித்துக்கொண்டு உற்பத்தியைத் திரும்ப ஆரம்பித்தோம். ஆனால் ஆக்சைடைக் காந்தமாக்கப் பெரிய ஆலை இங்கே இல்லை. 2012-ல் செய்த ஒப்பந்தப்படி ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் வழியாக நம் அருமண் ஜப்பானுக்குப் போனது. 2024-ல் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல். 2025 ஜூனில்தான் அதை நிறுத்தி உள்நாட்டுக்கு வைத்துக்கொள்ளும்படி அரசு கேட்டது.

இப்போது பணம் ஒதுக்கப்படுகிறது. 2023-ல் மத்திய அரசு 30 முக்கியக் கனிமங்களைப் பட்டியலிட்டது. 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாயில் தேசிய இயக்கம் ஒன்றை அறிவித்தது. நவம்பரில் ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்வதற்காக 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்த ஆலைகளில் உலை ஓட்டவும், வெற்றிடப் பம்பு பார்க்கவும், அரைக்கும் இயந்திரத்தைச் சீராக்கவும் டிப்ளமோ படித்தவன்தான் வேண்டும். வளாக நேர்காணலில் இந்தப் பெயர்களையும் கேட்டு வையுங்கள்.

காந்தமே இல்லாத மோட்டாரும் உண்டு. ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டாரில் வெறும் இரும்புத் தகடும் செம்புச் சுருளும்தான். இரைச்சலும் அதிர்வும் அதன் குறை. அதைக் குறைக்கும் வேலை கண்ட்ரோலரில் இருக்கிறது. நம் புராஜெக்டுக்கு ஏற்ற தலைப்பு.

இவ்வளவும் மணல் கிடைத்த பிறகு நடப்பது. மணல் கிடைக்குமா என்பதும் ஒரு கேள்வி. கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது. கடல் அரிப்பும் கதிர்வீச்சும் அவர்கள் பயம். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்த நீண்ட ஆய்வில் இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் முடிவு வந்தது. ஆனால் அது மணலைத் தோண்டாமல் மேலே குடியிருப்பதைப் பற்றிய ஆய்வு. வீட்டு வாசலில் இயந்திரம் வந்து நிற்கப் போகிறவர்களுக்கு அது பதிலாகாது. மதுரை அரிட்டாபட்டி பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் என்று 2024 நவம்பரில் ஏலம் விட்டார்கள்; ஊர்கள் திரண்டன, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதே ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, அணுக் கனிம, முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. தமிழக முதல்வர் அதைத் திரும்பப் பெறக் கேட்டுக் கடிதம் எழுதினார்.

கூட்டம் நடத்தாமல் விட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்கிறார்கள். நம் பக்கத்து ஜெயங்கொண்டத்தைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிக்கென்று 1990-களில் நிலம் எடுக்க ஆரம்பித்தார்கள். வழக்கும் இழப்பீட்டுத் தகராறுமாக இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு டன் நிலக்கரி கூட வெளியே வரவில்லை.