ஸ்டிக்கரில் இருக்கும் இரண்டு எண்கள்

கீசர், இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் என எதை எடுத்தாலும் அடியிலோ முதுகிலோ ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 230 வோல்ட், 2000 வாட் என்று அதில் இரண்டு எண்கள். வாங்கும்போது அதை யாரும் பார்ப்பதில்லை. பிளக் கருகிய பிறகு எலக்ட்ரீஷியன் வந்துதான் பார்க்கிறார். வீட்டுச் சாமான்களைப் பிரித்துச் சரிசெய்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர்களுக்கு அந்த இரண்டு எண்களே போதும், பல தொல்லைகளை முன்கூட்டியே தவிர்த்துவிடலாம்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2000-ஐ 230-ஆல் வகுக்க 8.7 ஆம்பியர் வரும். வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஏறக்குறைய 26.5 ஓம். ஜெர்மானியரான ஓம் 1827-ல் வெளியிட்ட நூலில் சொன்ன உறவுதான் இது. நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ இரண்டே வகைப் பாயிண்ட்: சின்னது 6 ஆம்பியர், ‘பவர் பிளக்’ என்கிற பெரியது 16 ஆம்பியர். 8.7 எதில் போக வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. ஆனாலும் பெரிய பிளக்கைச் சின்னப் பாயிண்டில் மாட்ட ஒரு கன்வர்ஷன் பிளக் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. கீசருக்கும் ஹீட்டருக்கும் அதை வாங்கவே கூடாது.

“ஹீட்டர் நல்லாத்தாண்ணே ஓடுது, பிளக்தான் சுடுது” என்பார்கள். சுடும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முள்ளின் ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகியிருக்கும். சாக்கெட்டுக்குள் முள்ளைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பித்தளைத் தகடு தளர்ந்து, ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை சேர்ந்தாலும் என்ன ஆகும்? ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, தடையாலும் பெருக்க வேண்டும். 8.7 × 8.7 × 0.5, கிட்டத்தட்ட 38 வாட். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அதைவிட அதிகமான சூடு பிளக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சூடேறச் சூடேற தகடு இன்னும் தளரும், மேலே கரி படியும், தடை கூடும். அதனால் சூடும் கூடும். இப்படிச் சுட்ட சாக்கெட்டை இடுக்கியால் நெருக்கிவிட்டு ஓட்டுவது சில நாள் வேலை. மாற்றுவதே சரி.

ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப வெப்பம் வரும் என்ற இந்தக் கணக்கை 1841-ல் ஜூல் வெளியிட்டார். கம்பிச் சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அவர் அளந்தார். நம் வாட்டர் ஹீட்டர் செய்வதும் அதேதான்.

எக்ஸ்டென்ஷன் ஒயருக்கும் இதே கணக்கு. 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயரின் தடை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 19 ஓம். 20 மீட்டர் ஒயரில் மின்சாரம் போக 20, திரும்ப 20. ஆக 40 மீட்டர், 0.76 ஓம். 8.7 ஆம்பியர் ஓடினால் 57 வாட் ஒயரிலேயே சூடாகப் போகிறது. ஒயரைச் சுருட்டிவைத்தபடி ஓட்டினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகும். முழுக்கப் பிரித்துப் போட வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் வசதி. 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் தடை கணக்குப்படி 53 ஓம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, இரண்டு சின்ன முட்களுக்கும் இடையே மீட்டரை வைத்தால் அதை ஒட்டிய எண் வர வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் உடனே காயில் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். சூட்டுத் திருகு ‘ஆஃப்’ நிலையில் இருந்தாலும் அப்படித்தான் காட்டும். அதைத் திருப்பிவிட்டுப் பாருங்கள். பிறகு பெரிய எர்த் முள்ளுக்கும் சின்ன முட்களுக்கும் இடையே வையுங்கள். அங்கே எண் ஏதும் வரவே கூடாது. வந்தால் கசிவு இருக்கிறது, பெட்டியைத் தொடாதீர்கள். ஓம் அளக்கும்போது கருவியில் மின்சாரம் இருக்கக் கூடாது என்பதும், ஆம்பியர் துளையில் ஒயரைச் செருகியபடி மீட்டரை பிளக் பாயிண்டில் வைக்கவே கூடாது என்பதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஹீட்டர் காயிலுக்குப் பொருந்தும் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 60 வாட் குண்டு பல்பு எரியும்போது 882 ஓம். அணைந்து ஆறிய பல்பை அளந்தால் 60, 70 ஓம் அளவில்தான் காட்டும். டங்ஸ்டன் இழை சூடானால் தடை அந்த அளவுக்கு ஏறும். மின்விசிறியின் காயிலை ஓமில் அளந்து வாட் கண்டுபிடிக்கப் பார்த்தால் உண்மையைவிட மிக அதிகமாக வரும். ஏசி மின்சாரத்தில் சுற்றும் மோட்டாரின் காயிலில் கம்பியின் தடை மட்டும் வேலை செய்வதில்லை.

லோ வோல்டேஜ் நேரத்தில் கீசர் ‘கரண்டை அதிகமாக இழுக்கும்’ என்று நம்புகிறவர்கள் நிறைய. 180 வோல்ட்டை 26.5 ஓமால் வகுத்தால் 6.8 ஆம்பியர்தான். வாட் ஏறக்குறைய 1225-க்கு இறங்கிவிடும். தண்ணீர் சூடாகக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

கணக்கைச் சரிபார்க்க வீட்டு மீட்டரே இருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை அதன் சிவப்பு விளக்கு சிமிட்டும் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருப்பார்கள். அது 3200 என்றால், 10 சிமிட்டலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து 11,250-ஐ அதனால் வகுத்தால் அப்போது ஓடும் வாட் தெரியும். கீசர் மட்டும் ஓடினால் 10 சிமிட்டலுக்கு ஐந்தரை விநாடிக்குச் சற்று மேல் ஆக வேண்டும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிய பிறகும் அந்த விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், தள்ளிப்போடாமல் எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.