கோட்டை ஸ்டேஷனில் வழி தெரிய



ஹல்துமுல்லையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறிப்போய்த்தான் கொழும்புக்குக் கோச்சி பிடிக்கிறோம். 2025 நவம்பர் புயலில் மலையகப் பாதை பலத்த சேதமடைந்தது. ஆகவே கோச்சி எதுவரை ஓடுகிறது என்று ஸ்டேஷனில் கேட்ட பிறகே மூட்டையைக் கட்டுங்கள்.

கோட்டைக்கு முந்தியது மருதானை. அதுவும் பெரிய ஸ்டேஷன்தான். சனம் திபுதிபுவென்று இறங்குவதைப் பார்த்து நம்மவர்களும் இறங்கிவிடுவார்கள். எங்களோடு வந்த அம்மா ஒருவர் அப்படித்தான் இறங்கிவிட்டார். மகள் கோட்டையில் காத்திருந்தாள். அம்மாவிடம் மகளின் நம்பர் இல்லை. இருவரும் இரண்டு மணி நேரம் அழுது தேடினார்கள். நம்பரைத் தாளில் எழுதி, பையில் அல்ல, முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கோ மருதானைதான் கிட்ட.

கோட்டையில் மேடைகள் பல. வாசலுக்குத் தள்ளி இறக்கிவிட்டால் மேம்பாலத்தில் ஏறி வாருங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். டிக்கட்டை எறிந்துவிடாதீர்கள், வாசலில் கேட்பார்கள். வெளியே தாடிவைத்த ஒல்கொட் துரையின் சிலை நிற்கும். ஆளைச் சந்திக்க அதைவிட நல்ல இடமில்லை.

திரும்பும்போதுதான் கஷ்டம். மாத்தறைப் பாதை, யாழ்ப்பாணப் பாதை, நம் பாதை எல்லாம் இங்கேதான் கூடுகின்றன. கண்டியோடு நிற்கும் கோச்சியில் ஏறினால் நம்ம ஊர் வராது. “பதுள்ள கோச்சிய கீவெனி வேதிகாவட்டத?” என்று கேளுங்கள், எத்தனையாம் மேடை என்று சொல்வார்கள். தமிழிலும் கேட்கலாம், வெட்கம் எதற்கு? 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. ஏறி உட்கார்ந்த பிறகும் பக்கத்தில் இருப்பவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள்.