மாதிரி இராக்கெட்டுக்கு ஏற்ற பிளாஸ்டிக்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னக்காயலுக்குத் தெற்கே, அதே கடற்கரையில் உள்ள குலசேகரன்பட்டினத்தில், செயற்கைக்கோள்களை ஏவும் நாட்டின் இரண்டாவது தளத்திற்கு 28.2.2024 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இனி இப்பகுதி மாணவர்க்கு மாதிரி இராக்கெட் செய்யும் ஆவல் எழுவது இயல்பே. அவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பிளாஸ்டிக் வலுவானது என்பது. அதனினும் முக்கியமாக, அது உடைந்தால் எவ்வாறு உடையும் என்று கேட்க வேண்டும்.

நம் கரையில் நிற்கும் பைபர் படகைப் பாருங்கள். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த அப்பொருள் பெரிய இராக்கெட்டுகளிலும் பயன்படுவதே. தும்பாவில் பணியாற்றிய காலத்தில் அப்துல் கலாம் அவர்கள் ஈடுபாடு காட்டிய துறையும் அதுவே. ஆயினும் மாணவரின் சிறு இராக்கெட்டுக்கு அத்துணைக் கடினம் வேண்டியதில்லை. திசை தவறி விழும்போது மூக்கு நசுங்க வேண்டும். எதிரில் நிற்பவரைத் துளைத்துவிடக் கூடாது. ஆதலின் மூக்குக்கு மென்மையான நுரைப் பொருளும், துடுப்புகளுக்கு அட்டை அல்லது மெல்லிய பிளாஸ்டிக் தகடும் போதும். உலோகம் அறவே கூடாது.

வெடிமருந்தைத் தாமே கலப்பது உயிருக்கும் ஆபத்து, சட்டத்திற்கும் புறம்பு. எனவே நீராலும் காற்றாலும் பாயும் இராக்கெட்டே மாணவர்க்கு ஏற்றது. அதன் உடலுக்குச் சோடா, கோலா போன்ற பானங்கள் வரும் பெட் புட்டியையே கொள்க; அது வாயு அழுத்தத்தைத் தாங்கவே செய்யப்பட்டது. குடிநீர்ப் புட்டி அத்தகையதன்று.

பலர் தவறுவது பி.வி.சி. குழாயில்தான். கடையில் எளிதாய்க் கிடைக்கிறது. அழுத்தம் தாங்கும் என்று அதன்மேல் அச்சிட்டும் இருக்கிறது. அவ்வளவு நீருக்கானது. நீர் அமுங்குவதில்லை, குழாய் விரிந்தால் சிறிது பீறிட்டு அழுத்தம் உடனே தணிந்துவிடும். அமுங்கிய காற்றோ சுருட்டிய வில்லைப் போன்றது. குழாய் விரிந்த கணத்தில் அது முழு விசையோடு விரிந்து, குழாயைக் கூரிய சில்லுகளாய்ச் சிதறடிக்கும். ஏவுமேடையிலும் காற்றைத் தேக்கிவைக்க அதனைக் கொள்ளலாகாது.

இதே காரணத்தால், புதிய புட்டியைச் சோதிக்கும்போது அதில் நீரை முழுதும் நிரப்பிய பின்னரே அழுத்தம் ஏற்ற வேண்டும். பெட் புட்டி சூட்டில் இளகும். வெந்நீரும் சூடான பசையும் அதற்கு ஆகா. முப்பரிமாண அச்சில் வரும் பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 பாகை செல்சியசிலேயே இளகும். பூட்டிய காருக்குள் வெயிலில் வைத்த துடுப்பு வளைந்துவிடும்.

வெண்கோடோ மடிப்போ கீறலோ கண்ட புட்டியைக் கழித்துவிடுக. எத்தனை முறை பறந்தது என்பதை அதன்மேலேயே மையால் குறித்து வருவது நல்ல வழக்கம்.