கேதார்நாத்துக்குப் பறக்கும் முன்

கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு 16 கிலோமீட்டருக்குக் குறையாத மலையேற்றம். ஃபாட்டாவிலிருந்து ஹெலிகாப்டரில் போனால் பத்து நிமிடம்கூட ஆகாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு வரப்பிரசாதம்தான்.

குப்தகாசி, ஃபாட்டா, சிர்சி மூன்று ஹெலிபேடுகளுக்கும் டிக்கெட் ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா இணையதளத்தில்தான். அதற்கு முன் உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு அவசியம். வாட்ஸ்அப்பில் "சீட் இருக்கு, பணம் அனுப்புங்க" என்பவரை நம்ப வேண்டாம். போலித் தளங்களில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஆளையும் எடை போடுவார்கள். 80 கிலோவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம். பை 2 கிலோதான்: கம்பளித் தொப்பி, மழைக்கோட்டு, மாத்திரை. முறுக்கு டப்பா அறையிலேயே இருக்கட்டும்!

மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் எழும்பாது. காலை நேரமே நல்லது. திரும்பும் ரயிலுக்கு முன் இரண்டு நாள் இடைவெளி விடலாம். திடீரென 3,583 மீட்டர் உயரத்தில் போய் இறங்கினால் மூச்சு வாங்கும். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டபின் பதிவு செய்வது நல்லது.