மின் சிகரெட்டும் மகப்பேறும்

“சிகரெட்டில்தான் புகை, இதில் வெறும் ஆவிதானே அண்ணாச்சி, என்ன கெடுதல்?” கடைக்கு வரும் இளைஞர்கள் மின் சிகரெட்டைப் பற்றி இப்படிக் கேட்கிறார்கள். வேப் என்பதும் இதுவே. வணிகர்களாகிய நாம் இதற்குப் பதில் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பாட்டரியால் சூடாகும் கம்பிச்சுருள் ஒரு திரவத்தை ஆவியாக்குகிறது. பழவாசனை சேர்த்த அத்திரவத்தில் பெரும்பாலும் இருப்பது நிக்கோட்டின். சரக்கு பழையது, பொட்டலம்தான் புதிது. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் குணம் அதற்கு ஆவியிலும் உண்டு.

புகைபிடித்தல் ஆண், பெண் இருபாலரின் கருவளத்தையும் குறைக்கும் என்பது முன்பே உறுதியானது. வேப் பற்றிய ஆய்வுகள் இன்னும் குறைவு. டென்மார்க்கில் சுமார் 2,000 இளைஞர்களிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. வேப் பழக்கமில்லாதவர்களின் மொத்த விந்தணு எண்ணிக்கை ஏறத்தாழ 14.7 கோடி, நாள்தோறும் இழுத்தவர்களுக்கு 9.1 கோடி. வேப்தான் காரணம் என்று இந்த ஒன்றே நிரூபித்துவிடாது. ஆனால் ஒதுக்கிவிடவும் முடியாது. 2019இல் அமெரிக்காவின் வடகரோலினாவில் பெண் சுண்டெலிகளுக்கு இந்த ஆவியைக் கொடுத்துப் பார்த்ததில், கரு கருப்பையில் பதிவது தாமதமாயிற்று.

விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஆகவே பழக்கத்தை விட்ட ஆணுக்குச் சீராக வாய்ப்புண்டு. பெண்ணின் கருமுட்டைகளோ பிறவியிலேயே வந்த இருப்பு; குறைந்தால் மறுகொள்முதல் கிடையாது. குழந்தை இல்லையென்றால் நம் வீடுகளில் முதலில் மருமகளைத்தான் மருத்துவரிடம் அனுப்புகிறோம். மகனின் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை!

இனி, நம் கடைக்கு நேராக வருவோம். 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி மின் சிகரெட் விற்பனை, விளம்பரம் இரண்டும் நாடெங்கும் குற்றம். நிக்கோட்டின் இல்லாத வகைக்கும் விலக்கில்லை. முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்; மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். தெரிந்தே இருப்பு வைத்தாலே ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். “நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன், கிடங்கில் இருக்கட்டும்” என்று பழக்கக்காரர் தரும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்க வேண்டாம்.

பழக்கத்தை விட விரும்பிக் கேட்பவருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுக்கலாம்.