கூண்டுப் பறவைகளுக்கான தினைச் செய்கை
வன்னிப் பகுதி நெல், காய்கறிச் செய்கையாளர் கவனத்திற்கு

தினை வன்னி மக்களுக்குப் புதிய தானியமன்று. காடு வெட்டிச் சேனை செய்த காலத்தில் குரக்கன், சாமை என்பவற்றோடு தினையும் விதைக்கப்பட்டது. வள்ளியம்மை காத்தது தினைப்புனமே என்பதை அறியாதார் இலர். அன்று அவள் விரட்டிய பறவைகளின் இனத்தவை இன்று வீடுகளிற் கூண்டுகளில் வளர்க்கப்படுகின்றன. அவற்றுக்குத் தினை விலை கொடுத்து வாங்கப்படுகிறது.

'லவ் பேர்ட்ஸ்' என நம்மவர் பொதுவாக அழைக்கும் சிறுகிளிகளுட் பெரும்பாலானவை அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை. 1840ஆம் ஆண்டில் யோன் கூல்ட் என்னும் பறவை நூலறிஞர் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன் பின்னர் அவை உலகெங்கும் வீட்டுப் பறவைகளாயின. புல் விதைகளை உண்டு வாழும் இப்பறவைகளுக்குத் தினையும் சாமையும் மிக ஏற்ற உணவு.

தரம் ஏன் வேண்டும்?

காட்டுப் பறவை ஒரு கதிர் பிடிக்காவிடின் மற்றொரு கதிருக்குப் பறந்து செல்லும். கூண்டுப் பறவைக்கு அந்த வசதி இல்லை. இட்டதையே அது உண்ணவேண்டும். சிறுகிளியின் எடை ஏறத்தாழ 35 கிராம் மாத்திரமே. பெரிய விலங்கொன்று தாங்கிக்கொள்ளக்கூடிய நஞ்சு இதனைக் கொன்றுவிடும். மேலும் இப்பறவை ஒவ்வொரு மணியையும் அலகில் உருட்டி உமியை நீக்கிய பின்னரே விழுங்குகிறது. ஆகவே உமியின் மேற் படிந்த மருந்து அதன் நாவிற் படுகிறது.

பூஞ்சணம் பிடித்த தானியமும் இவ்வாறே கேடு விளைவிக்கும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றின் தீனியிற் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே அதற்குக் காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. அந்நஞ்சே இன்று அஃப்ளாடொக்சின் எனப்படுகிறது. ஈரம் ஆறாத தானியத்தைச் சாக்கிற் கட்டி வைப்பவர் இதனை மறத்தலாகாது.

காலமும் நிலமும்

தினை ஏறத்தாழ 80 முதல் 90 நாட்களில் விளையும். கதிர் முற்றும் வேளையில் மழை பெய்தால் மணி கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். எனவே அறுவடை வறண்ட நாட்களில் அமையுமாறு பின்னோக்கிக் கணக்கிட்டு விதைநாளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சித்திரைச் சிறுமாரியோடு விதைத்தாற் கதிர் சோளகக் காற்று வீசும் ஆடி மாதத்தில் முற்றும். அக்காற்று உலர்த்துதற்கும் தூற்றுதற்கும் உதவும். ஆயின் இடையில் நீர் இறைக்கக் கிணற்று வசதி இருத்தல் நன்று. பெரும்போகத்தில் மேட்டுநிலத்தில் விதைப்போர், மாரி கழிந்த மாசி மாதத்தில் அறுவடை அமையுமாறு விதைக்கலாம்.

நீர் வடியக்கூடிய நிலமே தினைக்கு உகந்தது. நீர் தேங்கும் வயல் ஏற்றதன்று.

விதைப்பும் பராமரிப்பும்

நிலத்தை நன்கு பண்படுத்திக் கட்டிகளை உடைத்து, மக்கிய எரு இடவேண்டும். விதை சிறிதாகையால் 2 அல்லது 3 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழத்தில் இடலாகாது. வரிசைக்கு வரிசை 25 சென்ரிமீற்றரும், செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றரும் இடைவெளி விடுக. ஏக்கருக்கு 4 கிலோகிராம் விதை போதும். வீசி விதைப்பதிலும் வரிசையில் விதைப்பதே மேல். களை எடுத்தல் இதனால் எளிதாகும்.

களை எடுத்தல் இப்பயிரில் இருமடங்கு முக்கியமானது. கோழிச்சூடன் முதலிய புற்களின் விதை தினையோடு கலந்தாற் பிரித்தல் கடினம். பார்த்தீனியம் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தரும் தொல்லையை யாவரும் அறிவர். கூண்டைத் துப்புரவு செய்து கொட்டும் குப்பையிலிருந்து இத்தகைய களைகள் புதிய இடங்களில் முளைக்கும். தம் வயலின் களையைப் பிறர் முற்றத்துக்கு அனுப்புதல் நல்ல கமக்காரருக்கு அழகன்று.

கதிர் பசுமையான இலைக்கொத்தாக மாறிய செடிகளைக் கண்டவுடன் பிடுங்கி எரித்துவிடுக. கதிர் வெளிவந்த பின்னர் எவ்வகைப் பூச்சிமருந்தும் தெளிக்கலாகாது. தூக்கணாங்குருவியும் கிளியும் வந்தால் தகரம் தட்டியும் பளபளக்கும் நாடா கட்டியும் விரட்டுக. நஞ்சு வைத்தல் கூடாது.

அறுவடையும் உலர்த்தலும்

கதிர் பொன்னிறமாகி, மணி பல்லிற் கடிக்க உடையும் பருவத்தில், பனி உலர்ந்த பின் அறுக்கவேண்டும். நல்ல நீண்ட கதிர்களை ஒரு சாண் தாளோடு வெட்டி நிழலில் உலர்த்திச் சிறு கட்டுகளாகவும் விற்கலாம். பறவைகள் கதிரைக் கொத்தி உண்பதில் விருப்பமுடையனவாகையால் வளர்ப்போர் இதனை விரும்புவர்.

ஏனைய கதிர்களைச் சுத்தமான படங்கின் மேல் தடியால் அடித்து மணியைப் பிரிக்கவேண்டும். தார் வீதியிற் பரப்புதலும் உழவு இயந்திரத்தால் மிதிப்பித்தலும் வேண்டா. மண்ணும் எண்ணெயும் கலக்கும். சுளகினாற் புடைத்து, பெருங்கண் அரிதட்டிலும் சிறுகண் அரிதட்டிலும் மாறி மாறி அரித்தால் தூசியும் பதரும் நீங்கும். ஈரம் நூற்றுக்கு 12 வீதத்திற்கு மேற்படாதவாறு உலர்த்தி, ஆறிய பின்னரே கொள்கலத்தில் இடுக.

சேமிப்பும் சோதனையும்

காற்றுப் புகாத தகரப் பீப்பாவிலோ தடித்த பொலித்தீன் உள்ளுறை இட்ட சாக்கிலோ விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுக. எலி தொட்ட தானியத்தை விற்கலாகாது. வண்டு வராதிருக்க மருந்துத்தூள் கலத்தலும் கூடாது. விதைப்பதற்கென மருந்திட்ட நிறமூட்டிய விதையை ஒருபோதும் பறவைத் தானியத்தோடு சேர்க்கலாகாது.

தரத்தை அறியும் எளிய முறை முளைப்புச் சோதனை. நூறு மணிகளை எண்ணி ஈரத்துணியிற் சுற்றி வைக்க, ஒரு வாரத்தில் 85க்கு மேல் முளைத்தால் அத்தானியம் உயிருள்ளது. பழையதோ வெந்ததோ அன்று. மக்கல் மணம் வீசினால் அதனை நல்ல தானியத்தோடு கலந்து மறைக்க முயலாது, முழுவதையும் விலக்கிவிடுக. வாங்குபவரின் கூண்டில் ஒரு பறவை மாண்டால் அவர் மறுமுறை வாரார், பிறரையும் வரவிடார்.

சிறு அளவில் தொடங்குக

ஒரு சிறுகிளி, சிந்துவது உட்பட நாளொன்றுக்கு 6 கிராம் தானியம் கொள்ளுமென வைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் தேவைப்படும். ஏக்கருக்கு 600 கிலோகிராம் விளையுமெனின் காலேக்கரில் 150 கிலோகிராம் கிடைக்கும். இது எழுபது பறவைகளுக்கு ஓராண்டுத் தீனி. ஆதலால் வாங்குவோரை முன்னரே கண்டறியாது பல ஏக்கரில் விதைத்தல் தகாது. கிளிநொச்சி, வவுனியா நகரங்களிற் பறவைத் தீனி விற்போரிடமும் பறவை வளர்ப்போரிடமும் மாதத் தேவையை விசாரித்துக் காலேக்கரில் தொடங்குக. விற்காது எஞ்சுவது வீணன்று. தினைமா வீட்டுக்கும் நல்லுணவே.

பையின் மேல் அறுவடை செய்த மாதத்தையும் எடையையும் எழுதி விற்கவேண்டும். எழுதியது உண்மையாயிருத்தலே இத்தொழிலின் மூலதனம்.

மேலதிக விபரங்களுக்குத் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.